எந்த ஆன்டிவைரஸ் போடலாம் சார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதுக்கு மேல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு சொல்தா என்றால் விளக்கத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, அந்த நாட்டுப் படையில் வேலை செய்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். மகள் வாங்கி அனுப்பிய லேப்டாப் அவரிடம் இருக்கிறது. கீபோர்டே பிரெஞ்சு கீபோர்டு, நம் 'க்யூ' இருக்கும் இடத்தில் 'ஏ' இருக்கும். நான் தட்டினால் எல்லாம் தப்புத் தப்பாக விழும்.

போன மாதம் ஒருநாள் காலை, "வாத்தியாரே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். போனேன். திரை முழுக்க சிவப்பு. சைரன் மாதிரி சத்தம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. பெரியவர் கையில் போன் தயாராக இருந்தது.

போனை வாங்கி வைத்துவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டேன். சைரன் இல்லை, சிவப்பு இல்லை. அது வைரஸே இல்லை, வெறும் இணையப் பக்கம். பயமுறுத்திப் பணம் பறிக்கும் வேலை. பிரான்சில் இந்த மோசடி எவ்வளவு பெருகிவிட்டது என்றால், அந்த அரசாங்கமே ஒரு தளம் நடத்தி மக்களை எச்சரிக்கிறது.

"நல்ல வேளை முசியே, பேசறதுக்கு முன்னாடி கூப்பிட்டீங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போன பிறகு மெதுவாகச் சொன்னார். போன வருடமும் இதேபோல் வந்ததாம். அப்போது பேசிவிட்டாராம். ஐந்து வருடத்துக்கு ஆன்டிவைரஸ் என்று சொல்லி, கார்டு எண்ணைக் கேட்டு, 199 யூரோ எடுத்துக்கொண்டார்களாம். மகளிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லவில்லை. "சண்டைக்குப் போய்ட்டு வந்தவன், ஒரு போன்ல ஏமாந்தேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அந்த ஆன்டிவைரஸ் என்னதான் என்று திறந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அவர் கம்ப்யூட்டரை வேறு ஒருவர் எங்கிருந்தோ இயக்க உதவும் ஒரு நிரல் மட்டும் அதில் உட்கார்ந்திருந்தது. ஒரு வருடமாக அந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. முதலில் அதை நீக்கினேன்.

அதே வாரம் என் பழைய மாணவன் ஒருவனும் போன் செய்து, "வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம் சார்?" என்று கேட்டான். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் ஒருமுறை சூடு கண்டவன். அதனால் இதன் வரலாற்றைத் தேடித் தேடி வாசித்து வைத்திருக்கிறேன். ஒரு பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவதைவிட, கதையைச் சொல்கிறேன்.

வைரஸ் என்ற பெயர் கம்ப்யூட்டருக்கு வந்தது 1980களில். அமெரிக்காவில் பிரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர், தன்னைத்தானே நகல் எடுத்துப் பரவும் நிரலை 1983-இல் செய்து காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் வைக்கச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லியோனார்டு ஏடல்மேன். (ஆசிரியர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். வகுப்பில் நாம் வைத்த பட்டப்பெயர்கள் இன்னும் ஊரில் ஓடிக்கொண்டிருக்கின்றன.)

ஆனால் ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களில் உலகம் முழுக்கப் பரவிய முதல் வைரஸ் நமக்குப் பக்கத்தில் பிறந்தது, லாகூரில். 1986. பாசித், அம்ஜத் என்று ஆல்வி குடும்பத்து அண்ணன் தம்பி இருவர். தாங்கள் எழுதிய மருத்துவ நிரலைப் பணம் கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்ற கோபத்தில் ஒன்றை எழுதி ஃப்ளாப்பிக்குள் வைத்தார்கள். பெயர் பிரெயின். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். வைரஸ் வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள் என்று. அமெரிக்காவில் இருந்தெல்லாம் போன் போனதாம். அந்தக் காலத்து வைரஸ்காரர்களிடம் அந்த அளவுக்காவது நாணயம் இருந்தது.

நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1990-இல் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்டது ஜோஷி வைரஸ். ஜனவரி 5-ஆம் தேதி கம்ப்யூட்டரைப் போட்டால் அப்படியே நின்றுவிடும். "ஹேப்பி பர்த்டே ஜோஷி" என்று தட்டச்சுச் செய்யச் சொல்லும். செய்தால்தான் வேலை நடக்கும். யார் அந்த ஜோஷியோ, நாடு நாடாக வாழ்த்து வாங்கிக்கொண்டார்.

இப்படி ஃப்ளாப்பி வழியாக நோய் பரவிக்கொண்டிருந்த நாட்களில்தான் மருந்துக் கடைகளும் திறந்தன. அமெரிக்காவில் மெக்காஃபி, நார்ட்டன். செக்கோஸ்லோவாக்கியாவில் பாவெல் பௌடிஷ் என்பவர் 1988-இல் எழுதத் தொடங்கியதுதான் பின்னாளில் அவாஸ்ட். நம் பக்கத்தில் சென்னையில் 1991-இல் கேசவர்தனன் என்பவர் தொடங்கியது கே7 கம்ப்யூட்டிங். இது எத்தனை தமிழர்களுக்குத் தெரியும்? அவர்களுடைய நிரல் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் வழியாக வேறு பெயரில் விற்றது, நன்றாகவே விற்றது. சென்னையில் எழுதியதை டோக்கியோவில் காசு கொடுத்து வாங்கினார்கள். நாம் இங்கே வெளிநாட்டுப் பெயர் போட்ட திருட்டு சி.டி. வாங்கிக்கொண்டிருந்தோம்.

புனேயில் இன்னொரு கதை. கைலாஷ் கட்கர் என்பவர் கால்குலேட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். பள்ளிப் படிப்போடு நின்றவர். தம்பி சஞ்சய் கம்ப்யூட்டர் படித்தார். அண்ணன் கடைக்கு ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டர்களில் வைரஸ் தொல்லை அதிகம் என்று பார்த்துத் தம்பி எழுதியதுதான் குயிக் ஹீல், 1990களின் நடுவில். அந்த நிறுவனம் 2016-இல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. மும்பையில் இருந்து வரும் இஸ்கேன் என்ற மூன்றாவது ஒன்றும் உண்டு.

சரி, என் சூட்டுக்கு வருகிறேன்.

1990களில் நான் பாகூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தேன். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் ஆயா சொல்லும் விடுகதைகளைக் கேட்டு எழுதி வர வேண்டும். முதலில் பத்து வந்தது. பிறகு பிள்ளைகளுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டு குவியத் தொடங்கியது. நாலு வருடத்தில் நானூற்றுக்கும் மேல். ஏர், ஏற்றம், களம், வண்டி மாடு என்று இப்போது இல்லாத பொருட்களைப் பற்றியவை பாதிக்கு மேல். புத்தகமாகப் போடலாம் என்று ஆசை.

என் மைத்துனர் அப்போது டவுனில் ஒரு சந்தில் டி.டி.பி. கடை வைத்திருந்தார். மூன்று கம்ப்யூட்டர். கல்யாணப் பத்திரிகை, பரீட்சை வினாத்தாள், பிட் நோட்டீஸ். சாயங்காலம் பள்ளி விட்டதும் பஸ் பிடித்து வந்து, காலியாக இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டுவேன். எட்டு மாதம் ஆனது எல்லாவற்றையும் ஏற்ற. ஏற்றி முடித்ததும் பிள்ளைகள் எழுதிய தாள்களை எல்லாம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன். கம்ப்யூட்டரில்தான் ஏறிவிட்டதே!

1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை. முகூர்த்த சீசன். மைத்துனர் காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். வரவில்லை. இரண்டாவதைப் போட்டார். அதுவும் வரவில்லை. பழைய விண்டோஸ் 3.1 ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் கடை வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அதன் பெயர் சி.ஐ.எச். தைவானில் சென் இங்-ஹௌ என்ற கல்லூரி மாணவர் 1998-இல் எழுதியது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதியில் வேலையைக் காட்டியதால் செர்னோபில் வைரஸ் என்றும் சொன்னார்கள். விண்டோஸ் 95, 98-இல் மட்டும் ஓடும். ஹார்டு டிஸ்க்கின் முதல் ஒரு எம்.பி. இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பிவிடும். சில கம்ப்யூட்டர்களில் பயாஸ் சிப்பையே கெடுத்து, போர்டை மாற்ற வேண்டிய நிலைக்குக் கொண்டுவிடும். அன்றைக்குத் தென்கொரியாவில் பெரிய சேதம். ஆன்டிவைரஸ் கம்பெனிகள் எல்லாவற்றையும் பிடிப்போம் என்று பெருமை அடித்துக்கொண்டதால் அவர்களைத் தோற்கடித்துக் காட்டவே எழுதினேன் என்று அந்தப் பையன் சொன்னதாகச் செய்தி வந்தது. அவர்களைத் தோற்கடித்தானோ இல்லையோ, என்னைத் தோற்கடித்தான்.

ரிப்பேருக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஆன்டிவைரஸ் இருந்ததா?"

இருந்தது. அதுதான் விஷயம். ஒருவரிடம் ஐம்பது ரூபாய்க்கு வாங்கிய நகல் சி.டி.யில் இருந்து போட்டது. போட்ட நாளில் இருந்து ஒரு தடவைகூட அப்டேட் செய்யவில்லை. சி.ஐ.எச். பிறப்பதற்கு முன்பே தயாரான ஆன்டிவைரஸ் அது. அதற்கு சி.ஐ.எச்.சைப் பார்த்தால் அடையாளம் தெரியாது.

இதை ஒரு பள்ளிக்கூட உதாரணத்தில் சொல்கிறேன். மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளங்கள் என்று இரண்டு எழுதுவோம் இல்லையா, வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்கையில் தழும்பு என்று? பழைய ஆன்டிவைரஸ்கள் அப்படித்தான் வேலை செய்தன. பிடிபட்ட ஒவ்வொரு வைரஸின் மச்சத்தையும் ஒரு பட்டியலில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபைலிலும் அந்த மச்சம் இருக்கிறதா என்று பார்க்கும். பட்டியல் பழையதானால் காவல்காரர் குருடர். பிறகு மச்சத்தை மாற்றிக்கொண்டே பரவும் வைரஸ்கள் வந்தன. அதனால் இப்போதைய ஆன்டிவைரஸ்கள் மச்சத்தோடு நடத்தையையும் பார்க்கின்றன. கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து ஏதோ செய்கிறான் என்றால், என்ன செய்கிறான் என்று தெரியாவிட்டாலும் நாம் கிட்டே போய் நிற்போம் அல்லவா? அதே வேலை. சில நேரம் ஒழுங்காகப் படிக்கிற பையனையும் சந்தேகப்படும். நாமும் பட்டிருக்கிறோம்.

என் விடுகதைகளில் மிஞ்சியவை அறுபத்து மூன்று. முதலில் தட்டிப் பழகியபோது ஒரு ஃப்ளாப்பியில் போட்டு வைத்திருந்தவை. மற்றவை போயின. சொல்லிக் கொடுத்த ஆயாக்களில் பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு வேதனை. அழிந்தது முதல் ஒரு எம்.பி. மட்டும்தான், மீதி எல்லாம் டிஸ்கிலேயே இருந்திருக்கும் என்று பல வருடம் கழித்துத்தான் வாசித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்கர் அதே 1999-இல் சி.ஐ.எச். கெடுத்த டிஸ்க்குகளை மீட்க ஒரு நிரல் எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார். எங்கள் டிஸ்கும் மீண்டிருக்கலாம். ஆனால் கல்யாணப் பத்திரிகைகள் காத்துக்கொண்டிருந்தன. அன்று மத்தியானமே ஃபார்மேட் செய்யச் சொல்லிவிட்டோம். சொன்னவன் நான்தான்.

அடுத்த வருடமே, 2000 மே மாதம், மணிலாவில் இருந்து "ஐ லவ் யூ" என்று தலைப்புப் போட்ட மின்னஞ்சல் கிளம்பி உலகத்தையே சுற்றியது. ஃப்ளாப்பி தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு பென் டிரைவ் காலம். பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்த பென் டிரைவை வீட்டில் செருகப் பயந்த வருடங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும்.

இலவச ஆன்டிவைரஸ்களும் அப்போதுதான் வந்தன. அவாஸ்ட் 2001-இல் வீட்டு உபயோகத்துக்கு இலவசம் என்றது. நானும் வருடக்கணக்கில் அதைத்தான் வைத்திருந்தேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2020-இல் ஒரு செய்தி வந்தது. பயன்படுத்துபவர்கள் எந்தெந்த இணையப் பக்கம் போகிறார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற தங்கள் கிளை நிறுவனம் வழியாக அவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்று. கிளையை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. திருடனைப் பார்க்கச் சொல்லி வாசலில் உட்கார வைத்தவர், நாம் எங்கே போய் வருகிறோம் என்று குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

காசு கொடுத்தால் மட்டும் பிரச்சினை இல்லையா? 2010 ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்.பி.யின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று நினைத்துத் தூக்கிவிட்டது. கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 இன்னும் பெரிது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிரலின் தவறான அப்டேட்டால் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது பெரிய நிறுவனங்களுக்கான நிரல், நம் வீட்டுக்கு வருவதில்லை. இருந்தாலும் காவல்காரர் கையில் வீட்டுச் சாவி முழுதும் இருக்கிறது என்பதை மறக்க முடியாத நாள்.

இப்போது 2017 மே மாதத்துக்கு வாருங்கள். வான்னாக்ரை. ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரகம். திருப்பதி தேவஸ்தான அலுவலகக் கணினிகளில்கூடப் புகுந்தது. கேரளாவில் சில பஞ்சாயத்து அலுவலகங்களில் புகுந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து வந்த வைரஸ், அப்டேட் செய்யாதவர்களைத்தான் பிடித்தது. 1999-இல் எங்கள் சந்துக் கடையில் நடந்த அதே கதை.

இதெல்லாம் தெரிந்த பிறகு என் மாணவனுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள்.

விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸ் உள்ளேயே வருகிறது. தனியாகக் காசு இல்லை. ஆரம்பத்தில் சோதனைகளில் பின்தங்கித்தான் இருந்தது. ஜெர்மனியில் ஏ.வி.டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏ.வி. கம்பேரட்டிவ்ஸ் என்று இரண்டு அமைப்புகள் எல்லா ஆன்டிவைரஸ்களுக்கும் பரீட்சை வைத்து மார்க் போட்டு வெளியிடுகின்றன. கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள், அந்த மார்க் ஷீட்டைப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளாக டிஃபெண்டர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. மெயில் பார்ப்பது, பில் கட்டுவது, பேரப்பிள்ளைகளோடு பேசுவது என்ற அளவில் இருப்பவர்களுக்கு அது போதும் என்பது என் கருத்து. வீட்டில் பிள்ளைகள் கண்டதையும் இறக்குகிறார்கள், போன் செய்து கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றால் கே7, குயிக் ஹீல் போன்ற நம் ஊர் நிரல்களைக் காசு கொடுத்தே வாங்குங்கள். இரண்டை ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக்கொண்டு கம்ப்யூட்டரை ஆமையாக்கிவிடும். ஏற்கெனவே ஏதோ புகுந்துவிட்டதோ என்று பயமாக இருந்தால், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் சுத்தம் செய்யும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ளப் பதிவு செய்ய வழி உண்டு, செட்டிங்ஸில் பாருங்கள். ஓட்டையை அடைக்காமல் மேலே எந்த ஆன்டிவைரஸ் போட்டும் பிரயோஜனம் குறைவு.

பெரியவர் லேப்டாப்பில் டிஃபெண்டரை உயிர்ப்பித்து, விண்டோஸ் அப்டேட் எல்லாம் போட்டேன். இரண்டரை மணி நேரம் ஆனது. பழைய கார்டை மாற்றச் சொல்லி அவரே பேங்கில் பேசினார். இந்தியாவில் பணம் போனால் 1930-க்குப் போன் செய்ய வேண்டும், முதல் சில மணி நேரம் முக்கியம் என்று அவர் போனுக்குப் பின்னால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். பிறகு அவர் படையில் இருந்த காலத்துப் படங்கள், கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வைத்தோம். கழற்றி வைப்பது முக்கியம். செருகியே கிடந்தால் பூட்டும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது மகளின் வீடியோ கால் வந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பெரியவர் பிரெஞ்சும் தமிழும் கலந்து 199 யூரோ கதையை ஆரம்பிப்பது கேட்டது.

என் அறுபத்து மூன்று விடுகதைகளையும் யூனிகோடில் திரும்ப அடித்து, மூன்று இடத்தில் நகல் வைத்திருக்கிறேன். பாகூர், கிருமாம்பாக்கம், கரையாம்புத்தூர் பக்கம் 1990களில் நாலாவது, ஐந்தாவது படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்கள் ஆயா சொன்னது ஒன்றாவது நினைவிருந்தால், கீழே எழுதுங்கள். விடையும் சேர்த்து எழுதுங்கள்.